தாலி கட்ட 3 நிமிடம். கடன் கட்ட எத்தனை வருடம்?

மலையேறிப் போன கல்யாண வழக்கங்களும், மலைக்க வைக்கும் புதுச் செலவுகளும்

பாவூர்சத்திரம்:

முகூர்த்த நாள் வந்துவிட்டால் பாவூர்சத்திரத்தில் யாரும் காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை.

சிவகாமிபுரம் பூச்சந்தையில் மல்லிகைப் பூ விலையைக் கேட்டாலே போதும். முந்தின நாள் கேட்பாரில்லாமல் கிடந்த பூ, அன்றைக்குத் தங்கம் மாதிரி நிறுக்கப்படும்.

காய்கறி மார்க்கெட்டில் இருந்து கத்தரிக்காயும் முருங்கைக்காயும் மூடை மூடையாக மண்டபங்களுக்குப் போகும். நெல்லை-தென்காசி ரோட்டில் பூமாலை சுற்றிய கார்கள் வரிசையாக நிற்கும்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் மண்டபத்தைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, பெண்ணைப் பெற்றவர் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருகிறாரே, அதை மட்டும் யாரும் போட்டோ எடுப்பதில்லை!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். வீட்டைக் கட்டினால் வீடாவது மிஞ்சும். கல்யாணம் பண்ணினால் ஒரு குடும்பம் மிஞ்ச வேண்டும். கடன் மிஞ்சக் கூடாது.

எதை விடலாம்? எதை வைத்துக்கொள்ளலாம்? கல்யாண வயதில் பிள்ளை வைத்திருப்பவர்களும், கல்யாணம் பண்ணப் போகிற பிள்ளைகளும் கொஞ்சம் கேளுங்கள்.

போனவை எல்லாம் எங்கே?

முதலில் ஒரு விஷயம். "இது நம்ம வழக்கம், விட முடியாது" என்று சொல்கிறோமே, விட முடியாத வழக்கம் என்று ஒன்று உண்டா?

ஒரு காலத்தில் கல்யாணம் 3 நாள், 4 நாள் நடந்தது. தெருவை அடைத்துக் கொட்டகை போட்டார்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் மாப்பிள்ளை வீட்டார் படுத்தார்கள். அண்டாவும் குத்துப்போணியும் ஊர்ப் பொதுவில் இருந்து வந்தன. இன்று? முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்துக்குள் நுழைந்து, மறுநாள் மத்தியானம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

வேப்ப மரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். ரேடியோ செட் வந்து இறங்கினால்தான் கல்யாண வீடு. விடியற்காலை 4 மணிக்குப் பாட்டு ஆரம்பித்தால் பக்கத்து ஊருக்கே தூக்கம் போகும்.

கியாஸ் லைட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆட்கள் முன்னால் போக, திறந்த காரில் மாப்பிள்ளை ஊர்வலம் வருவார். கழுத்து வலித்தாலும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்!

நண்பர்கள் ஒன்று சேர்ந்து வாழ்த்துமடல் அச்சடிப்பார்கள். அதை ஒருவர் மைக்கில் படிப்பார். சாப்பாட்டுப் பந்திக்குப் போக முடியாமல் கூட்டம் நெளியும். பிறகு அது கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் தொங்கும்.

அப்புறம் வீடியோ கேசட் வந்தது. கண்ணைக் குருடாக்கும் விளக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். ரோஜாப் பூவுக்குள் பெண், இதயத்துக்குள் மாப்பிள்ளை என்று படம் ஓடும்.

இதெல்லாம் இன்று எங்கே? எந்தச் சட்டமும் வந்து "கியாஸ் லைட் தூக்காதே, வாழ்த்துமடல் படிக்காதே" என்று தடுக்கவில்லை. ஜனங்களே விட்டுவிட்டார்கள். அதனால் எந்தக் கல்யாணமும் நின்று போகவில்லை.

விட முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

போன இடத்தில் வந்தது

ஆனால் ஒன்றை விட்டால் இரண்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கல்யாணத்துக்கு முன்பே போட்டோ எடுக்க வேண்டுமாம். குற்றாலம் அருவிப் பக்கம் ஒரு நாள், சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் ஒரு நாள். தலைக்கு மேலே டிரோன் பறக்கிறது. மேடையில் புகை, பக்கத்தில் பூத்திரி, பெரிய டி.வி. திரை.

வரவேற்புக்கு மாலை 6 மணி என்று பத்திரிகையில் போட்டிருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வர 8 மணி ஆகும். அதுவரை வந்தவர்கள் கடைசி பஸ்ஸை நினைத்துக் கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்த அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளுமா?

செண்டை மேளம் வேண்டும் என்கிறார்கள். நல்ல கலைதான். கேரளத்தில் கோவில் வாசலில் கேட்டால் மெய்சிலிர்க்கும். அதற்காக நம்ம ஊர் நாகசுரக்காரரையும் தவில்காரரையும் "அரை மணி நேரம் வாசித்துவிட்டுப் போங்கள்" என்று ஓரம் கட்டலாமா?

இது காருக்குறிச்சி அருணாசலம் பிறந்த சீமை. 1964-ல் அவர் மறைந்துவிட்டார். ஆனால் 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவர் வாசித்த நாகசுரத்தை இன்றைக்கும் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். அப்படிப்பட்ட சீமையில் முகூர்த்த நேரத்து நாகசுரம் 'பழைய பாணி' ஆகிவிட்டதாம்!

பேனர் பறித்த உயிர்

இந்தப் புது வழக்கங்களில் உடனே விட்டுத் தீர வேண்டியது ஒன்று உண்டு. அது பிளெக்ஸ் பேனர்.

மாப்பிள்ளை, பெண், மாமா, மச்சான், நண்பர்கள் குழு என்று ஆளுயரத்துக்கு முகங்கள். மண்டப வாசலில் தொடங்கி ரோடு வரை நிற்கும்.

2019 செப்டம்பர் 12-ந் தேதி சென்னை பள்ளிக்கரணையில் என்ன நடந்தது? ரோட்டின் நடுவே வைத்திருந்த கல்யாண பேனர் ஒன்று காற்றில் சரிந்தது. ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் என்ஜினீயர் மேல் விழுந்தது. தடுமாறிக் கீழே விழுந்த அவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது.

வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த பெண். யார் வீட்டுக் கல்யாணமோ! அந்தப் பேனருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

சென்னை ஐகோர்ட்டு அதிகாரிகளைக் கடுமையாகக் கண்டித்தது. அதன் பிறகும் பேனர் முழுசாக ஒழிந்தபாடில்லை. அனுமதி இல்லாமல் ரோட்டில் பேனர் வைப்பது குற்றம். வாழ்த்துச் சொல்ல வைக்கிற பேனர் யார் வீட்டிலோ இழவு விழ வைக்கக் கூடாது.

அதேபோல ஒலிபெருக்கி. 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி போடக் கூடாது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். நெஞ்சுவலிக்காரர் இருப்பார். பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்கி அவர்கள் ஜன்னலை அதிர வைப்பதில் என்ன மங்கலம் இருக்கிறது?

ஒரு பவுன், ஒரு லட்சம்!

இனி பெரிய செலவுக்கு வருவோம். நகை!

பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். தாயும் மகளும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டும் வரை எழுந்திருப்பதில்லை. அப்படிச் சேர்த்த காசு எங்கே போகிறது? பெரும்பாலும் நகைக் கடைக்குத்தான்.

2020 தொடக்கத்தில் ஒரு பவுன் 30 ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது! கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை.

ஆனால் "20 பவுன் போடுவீர்களா, 30 பவுன் போடுவீர்களா?" என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. பவுன் ஒரு லட்சம் என்றால் 20 பவுன் என்பது 20 லட்சம். செய்கூலி, சேதாரம் தனி. நகையை அடகு வைக்கும்போதும் விற்கும்போதும் அந்தச் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது.

இதில் அரசாங்கமே ஒரு பாதை மாறியிருக்கிறது. 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்கள் கல்யாணத்துக்கு உதவிப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. 2011-ல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016-ல் அது 8 கிராம் ஆனது.

2022-ல் அந்தத் திட்டத்தையே மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் 'புதுமைப் பெண்' திட்டமாக அது ஆனது.

தாலிக்குத் தங்கம் நல்லதா, படிப்புக்குப் பணம் நல்லதா என்று அப்போது வாதம் நடந்தது. வீட்டிலும் அந்த வாதம் நடக்க வேண்டும். 5 பவுன் குறைத்தால் பெண் ஒரு பட்டம் கூடுதலாகப் படிக்கலாம். ஒரு தையல் மெஷின் கடை வைக்கலாம். பெண் பெயரிலேயே பாங்கில் போட்டு வைக்கலாம். எது அவளை நாளைக்குக் காப்பாற்றும்?

கொடுத்தாலும் குற்றம்!

"நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகத்தான் போட்டார்கள்" என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்வார்கள். "கேட்காமலே செய்தால்தானே மரியாதை" என்று பெண் வீட்டில் சொல்வார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961-ம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். சாதாரணமாகக் குறைந்தது 5 வருடம் ஜெயில். கேட்டாலே 6 மாதம் முதல் 2 வருடம் வரை ஜெயில்.

யாரும் கேட்காமல் பாசத்தில் கொடுக்கும் பரிசு தனி. அதற்கும் 1985-ல் விதி வந்திருக்கிறது. என்னென்ன பரிசு, ஏறத்தாழ என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று பட்டியல் எழுத வேண்டும். பெண்ணுக்கு வந்த பட்டியல் பெண்ணிடம், மாப்பிள்ளைக்கு வந்த பட்டியல் மாப்பிள்ளையிடம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

மொய் எழுத நோட்டுப் போடுகிறோம். ஐந்நூறு ரூபாய் எழுதியவர் பெயரை 20 வருடம் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஆனால் பெண்ணுக்குப் போட்ட நகைக்கு ஒரு தாள் எழுதி வைக்கிறோமா? நாளைக்குத் தகராறு வந்தால், கோர்ட்டுப் படியில் அந்தத் தாள்தான் பேசும்.

வட்டிக் கணக்கு

சரி, கையில் பணம் இல்லை. என்ன செய்கிறார்கள்? வட்டிக்கு வாங்குகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 லட்சம் ரூபாய் வாங்குகிறீர்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. "வெறும் ரெண்டு ரூபாய் வட்டிதானே" என்று தோன்றும்.

மாதம் 10 ஆயிரம் ரூபாய். வருடத்துக்கு ஒரு லட்சத்து 20 ஆயிரம். 5 வருடத்தில் 6 லட்சம் ரூபாய் வட்டி மட்டும் கட்டியிருப்பீர்கள். வாங்கிய 5 லட்சம் அப்படியே நிற்கும்!

அதற்குள் பேரனுக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது வந்துவிடும். தாத்தா அம்மா கல்யாணத்து வட்டியைக் கட்டிக்கொண்டிருப்பார்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி என்றால் இன்னும் கொடுமை. அதைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. இருந்தும் 2017 அக்டோபர் 23-ந் தேதி, நம்ம காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பச்சைக் குழந்தைகளோடு நெல்லை கலெக்டர் ஆபீசில் தீக்குளித்தாரே, அந்தக் காட்சி யாருக்காவது மறக்குமா? நாலு பேரும் பிழைக்கவில்லை.

அது கல்யாணக் கடன் அல்ல. ஆனால் வட்டிக்காரன் வாசலுக்கு வந்த பிறகு, கல்யாணக் கடன் என்றும் ஆஸ்பத்திரிக் கடன் என்றும் பேதம் பார்க்க மாட்டான்.

சட்டம் கேட்பது இவ்வளவுதான்

இத்தனை செலவையும் யார் கேட்கிறார்கள்? சட்டமா? சாமியா? இரண்டும் இல்லை.

1928 மே 28-ந் தேதி அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தம் கிராமத்தில் பெரியார் தலைமையில் ஒரு கல்யாணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. முதல் சுயமரியாதைக் கல்யாணம் என்று அதைச் சொல்வார்கள்.

அதன் பின்னே நாடெங்கும் அப்படிக் கல்யாணங்கள் நடந்தன. ஆனால் 1953-ல் ஒரு வழக்கில், அப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்று சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கல்யாணம் பண்ணியவர்கள் திகைத்துப் போனார்கள். பிள்ளைகளுக்குச் சொத்துரிமை என்ன ஆவது?

1967-ல் முதல்-அமைச்சர் அண்ணா அரசாங்கம் சட்டசபையில் ஒரு திருத்தம் கொண்டு வந்தது. 1968 ஜனவரியில் அது சட்டம் ஆனது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் செல்லும் என்று ஆனது.

அந்தப் பிரிவு கேட்பது என்ன? உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவருக்கும் தெரிந்த பாஷையில், "உன்னை மனைவியாக ஏற்கிறேன்", "உன்னைக் கணவனாக ஏற்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்ற வேண்டும். அல்லது மோதிரம் போட வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். இதில் ஏதாவது ஒன்று போதும்!

2023 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. கூட்டம் கூட்டி ஊரறிய நடத்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டது.

அதற்காக எந்தச் சடங்கும் செய்யாமல் சர்டிபிகேட் மட்டும் வாங்கினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2024-ல் இன்னொரு வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட்டு, சடங்கு எதுவும் நடக்காமல் வெறும் சர்டிபிகேட் வைத்திருந்தால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று சொன்னது. ஆட்டம் பாட்டம், விருந்து, வரதட்சணை பேரம் ஆகியவற்றுக்கான இடம் அல்ல கல்யாணம் என்றும் சொன்னது.

கிறிஸ்தவர்களுக்கு ஓலை வாசித்துக் கோவிலில் மோதிரம் மாற்றினால் கல்யாணம். முஸ்லிம்களுக்கு நிக்காஹ், சாட்சி, மஹர். அந்த மஹர் கூட மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது! மதம் மாறாமல் வேறு மதத்தவரைக் கட்டிக்கொள்ள 1954-ம் ஆண்டு தனித் திருமணச் சட்டம் இருக்கிறது. ரிஜிஸ்தர் ஆபீசில் 30 நாள் நோட்டீஸ், 3 சாட்சி.

எந்த முறையில் நடந்தாலும், தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டு, பென்ஷன், இன்சூரன்ஸ் என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது இந்தச் சர்டிபிகேட்டைத்தான்.

நாலு லட்ச ரூபாய் மேடை அலங்காரத்தை எந்த ஆபீசிலும் கேட்பதில்லை!

பதிலுக்கு என்ன?

"அப்படியானால் கல்யாணத்தை மொட்டையாக நடத்தச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. நம்ம ஊரிலேயே இருக்கிற நல்ல சரக்கை எடுத்து வைத்தால் போதும்.

* இடம்: இலஞ்சிக் குமரன் கோவில், பண்பொழி திருமலைக்கோவில், குற்றாலநாதர் கோவில் எல்லாம் கூப்பிடு தூரம். காலையில் கோவிலில் தாலி. மத்தியானம் சின்ன மண்டபத்தில் சாப்பாடு. முந்தின நாள் வாடகை மிச்சம். வசதி இல்லாதவர்களுக்கு அறநிலையத்துறை 2022 முதல் கோவில்களில் சீர்வரிசையோடு இலவசக் கல்யாணங்கள் நடத்தி வைத்திருக்கிறது. தகுதி என்ன என்று கோவில் ஆபீசில் கேட்டுப் பார்க்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

* சாப்பாடு: 40 அயிட்டம் வைத்து இலையில் பாதி மூடுவதை விட, திருப்தியாக 10 அயிட்டம் போடலாம். மறுவீட்டு விருந்துக்குப் பேர்போன நம்ம நெல்லைச் சொதி இருக்கிறது. தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல், கல்லிடைக்குறிச்சி அப்பளம், ஒரு பாயசம். எந்த மெட்ராஸ் கேட்டரிங்காரர் இதற்கு ஈடு கொடுப்பார்? ஓர் இலை 200 ரூபாய் என்று வைத்தால் 500 பேருக்கு ஒரு லட்சம். பாதி இலையில் மிஞ்சினால் 50 ஆயிரம் ரூபாயைக் குப்பையில் கொட்டியதாக அர்த்தம்.

* சேலை: காஞ்சிபுரத்துக்குத்தான் போக வேண்டுமா? வீரவநல்லூர் செடிபுட்டா சேலை பக்கத்திலேயே நெய்கிறார்கள். கல்யாணத்தன்று ஒரு தடவை கட்டிப் பீரோவில் பூட்டுகிற சேலையை விட, பத்துத் தடவை கட்டுகிற சேலை நல்லது.

* பரிசு: சுவர்க் கடிகாரம் போதும் அண்ணாச்சி! ஒரு வீட்டுக்கு 8 கடிகாரம் வந்தால் எந்த மணியைப் பார்ப்பது? தாமிரபரணிக் கோரையில் நெய்யும் பத்தமடைப் பாய், 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பெண், மாப்பிள்ளை பெயரையே பாயில் நெய்து தருவார்கள். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து முன்கூட்டியே சொல்லி வைத்தால் வாழ்நாள் முழுக்கப் பெயர் சொல்லும்.

* தாம்பூலப் பை: பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் பூசிய கப், பந்தி மேஜையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பெயர் அச்சடித்த மஞ்சப்பை கொடுப்பதுதானே நம்ம பழைய வழக்கம்? மஞ்சப்பை தூக்கினால் பட்டிக்காட்டான் என்று சிரித்த காலம் போய்விட்டது. 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய் வாங்கப் போகும்போதெல்லாம் உங்கள் வீட்டுக் கல்யாணம் கூடவே போகும்!

* மொய்: மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கைம்மாற்று. அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு வீட்டார் கல்யாணப் பத்திரிகையிலேயே கூகுள் பே, போன் பே குறியீட்டை அச்சடித்தார்கள். ஊரே சிரித்தது. இன்று மண்டப வாசலில் அந்த அட்டை நிற்பதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. வெளியூரில் வேலை பார்க்கிறவர் பஸ் ஏறி வராமல் இருந்த இடத்தில் இருந்தே செய்துவிடுகிறார். கவர் தொலைந்தது என்ற பேச்சும் இல்லை.

* தேதி: வளர்பிறை முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை இரண்டும் சேர்ந்தால் மண்டபம், பூ, சமையல்காரர், வேன் எல்லாமே விலை ஏறும். வேலை நாளில் வரும் முகூர்த்தத்தைப் பிடித்தால் அங்கேயே ஒரு தொகை நிற்கும்.

சொந்தக்காரர் என்ன சொல்வார்?

இதுதான் பெரிய கேள்வி. பணம் இல்லாததை விட, இந்தப் பயம்தான் ஆளைக் கடன்காரன் ஆக்குகிறது.

"என்னவே, ஒத்தைப் பொண்ணு கல்யாணத்தை இப்படிச் சுருக்கிட்டீரே" என்று ஒரு மாமா கேட்பார். கேட்கத்தான் செய்வார். வட்டி கட்டுகிற நாளில் அந்த மாமா வருவாரா?

2020, 2021-ல் கொரோனா வந்தபோது 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். வீட்டு முற்றத்தில் கல்யாணம் நடந்தது. அழைக்காதவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்று நன்றாகத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். கூட்டம் குறைந்ததால் யார் தாலியும் கழன்று விழவில்லை.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் அல்ல. பாகிஸ்தானில் பஞ்சாப் மாகாணம் 2016-ல் சட்டம் போட்டது. கல்யாண விருந்தில் ஒரே ஒரு கறிதான் வைக்கலாம். இரவு 10 மணிக்கு மேல் நடத்தக் கூடாது. தஜிகிஸ்தான் நாட்டில் 2007-லேயே விருந்தாளிகள் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள். ஏழை ஜனங்கள் கடனில் மூழ்குவதைப் பார்த்துத்தான் இந்தச் சட்டங்கள் வந்தன.

நமக்குச் சட்டம் வர வேண்டும் என்று இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் இரண்டு வீட்டாரும் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். மொத்தம் எவ்வளவு செலவு? அதில் கையில் இருப்பது எவ்வளவு? செலவை இரண்டு வீடும் பாதிப் பாதி ஏற்குமா? பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். கல்யாணம் அவர்களுக்குத்தானே!

இதில் வாய் திறக்க வேண்டியவர் முக்கியமாக மாப்பிள்ளைதான். பெண் வீட்டார் "செலவைக் குறைக்கலாமா?" என்று கேட்டால் கஞ்சத்தனம் என்பார்கள். மாப்பிள்ளை "குறைத்துக்கொள்ளலாம் மாமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது பெருந்தன்மை. பெண் வீட்டில் அந்த ஒரு வார்த்தையை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு செலவுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்.

இது இல்லாவிட்டால் கல்யாணம் நிற்குமா?

இது ஒரு வருடம் கழித்து வீட்டில் இருக்குமா?

இதற்காகக் கடன் வாங்க வேண்டுமா?

முதல் இரண்டுக்கும் "இல்லை" என்றும், மூன்றாவதற்கு "ஆமாம்" என்றும் பதில் வந்தால், அந்த இடத்தில் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

கியாஸ் லைட்டை இறக்கி வைத்த ஊர் இது. கடன் சுமையை இறக்கி வைக்க முடியாதா என்ன?